வலது ஓரத்தில் நின்ற சைட்டு

கை வெச்சிருக்கே. எவனோ, எவளோ, நீ இதுல கை வெச்சிருக்கே. இல்லைன்னு சாதிக்காதே, திருகோட தலையே சொல்லுது. சென்னியப்பன் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு இடுக்கிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் விரித்த செய்தித்தாளின் மேல் கிடந்த பிஸ்டலுக்கு மறுபடியும் குனிந்தார். மேகசினைக் கழற்றி ஒதுக்கிவைத்தாயிற்று. போல்ட்டை இழுத்து நிறுத்தி, உள்ளே குண்டு இல்லை என்று சுண்டுவிரலை விட்டும் பார்த்தாயிற்று. கண்ணை அறுத்தது அந்தத் திருகுதான். குறி பார்க்கிற பின்பக்கத்து சைட்டின் விலாவில் கடுகு அளவுக்கு ஒன்று. அதன் தலையிலிருந்த வெட்டின் இரண்டு உதடும் மழுங்கி, கருப்புப் பூச்சு தேய்ந்து, உள்ளிருக்கிற இரும்பு வெள்ளி மாதிரி மினுங்கியது. ஸ்க்ரூடிரைவர் போட்டால் ஒரே கீறலாக விழும். இது இரட்டைக் கீறல், பக்கத்தில் பக்கத்தில், ஏதோ ஒரு பூச்சியின் இரண்டு பல் பட்ட மாதிரி. மூடிப்போன மில்களின் மெஷினை வாங்கி விற்று வீடு கட்டினவர் அவர். விற்கிறவன் புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருப்பான், காபி கொடுப்பான், குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணுவான். சென்னியப்பன் காபியைக் குடித்துக்கொண்டே திருகுத் தலைகளைப் பார்ப்பார். மழுங்கின தலை ஒன்று அகப்பட்டால் போதும், எவனோ திறந்திருக்கிறான், எதையோ மறைத்திருக்கிறான், விலையில் பாதியை அந்த இடத்திலேயே வெட்டிவிடுவார். பத்தாம் வகுப்புத் தாண்டாதவரை இத்தனை வருஷம் இந்த ஊரில் ஒருத்தனும் ஏமாற்றியது கிடையாது. இப்போது சொந்த வீட்டில், சொந்த மேசையில், மழுங்கின தலை ஒன்று அவரைப் பார்த்து இளிக்கிறது. நீ யாருன்னு தெரியட்டும், இருக்குது உனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழே குடோன் பூட்டிக் கிடந்ததால் மாடி வீட்டில் ஃபேன் சத்தம் தவிர வேறில்லை. மேசைமேல் மூன்று சைட்டுகளை வரிசையாக வைப்பது என்று திட்டம். ஒன்று பிஸ்டலோடு வந்தது, இன்னும் அதன் முதுகிலேயே இருக்கிறது. இரண்டாவது போன வாரம் பேரம் பேசி வாங்கி வந்தது, நடுவிலிருக்கிற பள்ளம் கொஞ்சம் அகலம், இளசுகளின் கண்ணுக்கு வெளிச்சம் நன்றாக வரும் என்று கடைக்காரன் சொன்னான். மூன்றாவது அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கிற சிவப்புப் பொட்டு சைட்டு. குட்டைக் குழாய், உள்ளே எட்டிப்பார்த்தால் கண்ணாடியில் சிவப்பாக ஒரு பொட்டு மிதக்கும். அதைப் போட்டியில் வைக்க விடமாட்டார்கள், பழகுவதற்கு மட்டும். அதை மேசைக்கு ஏன் எடுத்து வந்தோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. தெரியும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறார். வருகிற ஞாயிறு ஜில்லாப் போட்டி, மகள் தாரணி முதல் தடவையாக அம்மாவின் பிஸ்டலைப் பிடித்து நிற்கப் போகிறாள், அவளுடைய குண்டுகள் வலது பக்கம் போகின்றன. எல்லாமே வலது பக்கம். மூன்று வாரமாகத் துப்பாக்கி கிளப்பிலிருந்து அவள் சுட்டுக் கொண்டு வருகிற குறி கார்டுகளில் நடுக்கருப்பு மழை படாத மண் மாதிரி சுத்தமாக இருக்கிறது, வலது ஓரத்தில் மட்டும் ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக. முதல் வாரம் கத்தினார். ட்ரிக்கரைப் பிடுங்கறே அம்மிணி, விரலா அது கொக்கியா. இரண்டாம் வாரமும் கத்தினார். மூன்றாம் வாரம் கார்டைக் கையில் வாங்கியபோது சத்தம் வரவில்லை. ஏனென்றால் அன்றைக்குக் காலையில்தான் அவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது.

டம்ளர் நழுவுவது ஒரு விஷயமா. எல்லார் கையிலிருந்தும் நழுவும். இவளுடைய அம்மா கையிலிருந்தும் அப்படித்தான் நழுவியது, முதலில் டம்ளர், பிறகு கரண்டி, பிறகு ஒரு நாள் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட வந்தவள் பொத்தானைத் தேடிக்கொண்டே நின்றாள். அந்த வாரமே ஆஸ்பத்திரி. தலைக்குள்ளே, இடது பக்கம், எலுமிச்சங்காய் அளவுக்கு. வலது கையை ஆட்டி வைக்கிற இடம் அதுதானாம். அந்த டாக்டர் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒரே கேள்வி. எத்தனை நாளாங்க கை இப்படி? இப்பத்தாங்க, ஒரு வாரமா. அப்படி இருக்காதுங்களே, மாசக்கணக்கில வளந்திருக்கு, கையில ஏதாவது தெரிஞ்சிருக்கணுமே, எழுத்து மாறுறது, நடுக்கம், சாமான் விழுறது. சென்னியப்பனுக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. ஏனுங்க டாக்டர், என்ற சம்சாரம் பிஸ்டல் சுடறவ தெரியுங்களா, போன வாரம் சுட்ட கார்டு வீட்ல இருக்குது, கொண்டாந்து காட்டட்டுங்களா, அத்தனையும் நடுவுல, அவ கை நடுங்குனா எனக்குத் தெரியாதா? டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார். அந்தக் கார்டு இப்போது ஃப்ரேம் போட்டு எதிர்ச் சுவரில் தொங்குகிறது, அவள் போட்டோவுக்குப் பக்கத்தில். மாலை போட்டோவுக்கு மட்டும். ஆனால் காலையில் எழுந்ததும் அவர் கண் முதலில் போவது கார்டுக்குத்தான். நடுக்கருப்பில் ஒரே ஒரு கந்தலான ஓட்டை, எல்லாக் குண்டும் ஒரே வழியில் போன மாதிரி. பார், இதுதான் சாட்சி, ஒரு வாரத்துக்கு முன்னால் வரை அவளுக்கு ஒன்றும் கிடையாது, சட்டென்று வந்தது, யார் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. எட்டு மாசமாக அந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தூங்குகிறார்.

இப்போது மகள். இது வழிவழியா வராதுங்க, பயப்படாதீங்க என்று அதே டாக்டர் சொல்லியிருந்தார். சொல்வார். காபி கொடுக்கிறவன் எல்லாம் ஏதாவது சொல்வான். அவரால் நம்ப முடியவில்லை. டம்ளர் விழுந்த நாளிலிருந்து மகளுக்குத் தெரியாமல் பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறார். ஊசியில நூல் கோத்துக் குடு சாமி, கண்ணு தெரிய மாட்டேங்குது. கோத்தாள். அந்த பேரிங்க சித்தே அக்கட்டால நகத்து. நகர்த்தினாள், ஒற்றைக் கையால். இந்த செக்கில என் பேரை எழுது. எழுதியதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் போன வருஷக் கையெழுத்தோடு ஒட்டிப் பார்த்தார், 'ன்' கொஞ்சம் சாய்ந்திருக்கிறதா, இல்லை பேனா அப்படியா. எல்லாவற்றிலும் தேறிவிடுகிறாள், கார்டில் மட்டும் தோற்கிறாள். கார்டு பொய் சொல்லாது, அதுதான் பயம். நாளைக் காலையில் ஸ்கேனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். குடும்பத்துக்கே செக்கப், இன்சூரன்சுக்காரன் கேக்கறான் என்று மகளிடம் புளுகியிருக்கிறார். ராத்திரியெல்லாம் அந்த மெஷினின் குழாய்க்குள் தாரணியின் பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருப்பது தெரிகிறது, கொலுசோடு. அவள் அம்மாவை அதற்குள் தள்ளுவதற்கு முன்னால் கொலுசைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றி இவர் கையில் கொடுத்தாள், சூடாக இருந்தது.

“அப்பா, டீ வெக்கட்டுங்களா? எண்ணெய் வாசம் குப்புனு இருக்குது, ஜன்னலத் தொறங்க.” தாரணி சமையல்கட்டு வாசலில் நின்றாள், ஈரத்தலையோடு, காலேஜ் பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு.

“வெய்யி. ரெண்டு டம்ளர்லயும் தளும்பத் தளும்ப ஊத்திக் கொண்டா.”

“தளும்பத் தளும்ப எதுக்குங்க? கீழ சிந்தறதுக்கா?”

“சொன்னதச் செய்யேன். கேள்வி மயிரு கேட்டுட்டு.”

“ஆமாமா, கத்துங்க. இவரு கத்துனா குண்டு நேரா போயிருமாக்கும்.” போய்விட்டாள். அம்மா மாதிரி பயந்தவள் இல்லை. அவர் கத்தினால் அவள் அம்மா சிரித்து மழுப்புவாள், இது திருப்பிக் கடிக்கும். கடிக்கட்டும். கடிக்கிறது கையில் பலம் இருக்கிறவரைக்கும்தான். சீ, என்ன நினைப்பு இது, நாக்கில் பல்லி விழ. அவர் துடைக்கிற ராடை எடுத்தார். நுனியில் பழைய பனியன் துணியைச் சதுரமாக வெட்டிக் கோத்து, சொட்டு எண்ணெய் விட்டு, பேரல் குழாயின் பின்பக்கத்திலிருந்து மெல்ல நுழைத்தார். முன்பக்கத்திலிருந்து விடக் கூடாது, வாய் தேய்ந்தால் குண்டு கோணும் என்று மனைவி சொல்லிக்கொடுத்தது. இதில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னதுதான். மில் முதலாளி ஒருவர் பேரம் முடிந்த சந்தோஷத்தில் கிளப்பில் சேர்த்துவிட்டார், பந்தாவுக்குப் போனது இவர், சும்மா கூட வந்தவள் அவள். பிடித்துப் பாரும்மா என்று எவரோ நீட்டினார்கள், பிடித்தாள், அன்றைக்கே கிளப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்கிற ஆள். வெட்கமே இல்லை, பெருமைதான். மெஷின் பார்க்க வருகிறவனிடமெல்லாம் சொல்வார், என்ற பொண்டாட்டி கை இருக்குதே, நம்ம குடோன் கிரேன் மாதிரி, நிறுத்துனா நிறுத்துன எடத்துல நிக்கும். அவள் முன்னாலேயே சொல்வார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கடைசி ஒரு வருஷம் ரொம்பச் சொன்னார்.

துணி வெளியே வந்தது, கரியாக. இரண்டாவது துணியும் கரி. அடிக்கடித் தேய்க்காதீங்க, இந்தச் சின்னக் குண்டுல மெழுகு இருக்குது, அது உள்ளே பூசிக்கிட்டாத்தான் பேரல் பழகும், தேச்சுப்போட்டா நாலஞ்சு குண்டுக்குப் புதுசாட்ட முழிக்கும் என்பாள். அதனால் அவள் படுத்த நாளிலிருந்து யாரும் இதன் உள்ளே துணி விட்டதில்லை. லைசென்ஸ் மகள் பேருக்கு மாறும்வரை துப்பாக்கிக் கடை அந்தோணியிடம் பூட்டிக் கிடந்தது, போன மாசம்தான் வீட்டுக்கு வந்தது. அப்படியென்றால் மேலே இருக்கிற கரி மகளுடையது. அதுக்கும் அடியில் இருக்கிறது அவளுடையது. மூன்றாவது துணியைக் கோத்தவர் கையை நிறுத்திக்கொண்டார். இது வரைக்கும் வந்தது தாரணி. இனிமேல் வருவது யார்? அவள் கடைசியாகச் சுட்ட குண்டின் புகை இன்னும் இந்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கப்புறம் அவள் தொட்ட எதிலும் அவள் அடையாளம் ஒட்டவில்லை, கடைசியாகப் போர்த்தியிருந்த போர்வைகூட ஆஸ்பத்திரிக்காரர்களுடையது. பிடிக்குக் கை போனது. மரப்பிடி, அவள் உள்ளங்கைக்கென்று அளந்து செதுக்கியது, கட்டைவிரலுக்கு ஒரு படி, சுண்டுவிரலுக்கு ஒரு பள்ளம், வியர்வை ஊறி ஊறிப் புளிப் பானை நிறம். அவருடைய முரட்டுக் கை அதற்குள் போகாது. மகள் கை போகிறது, உறையில் போட்ட மாதிரி. முதல் நாள் அவள் பிடித்தபோது அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. சந்தோஷம் என்று அன்றைக்கு நினைத்தார். அளவு சரியாக இருக்கிறதே என்று இப்போது குளிர்கிறது. பிடி சரியாக இருந்தால் மற்றதும் அம்மாவுடையது மாதிரியே இருக்குமோ. யாரோ உள்ளே இருந்துகொண்டு மகளுடைய கையைப் பிடித்துக் கூப்பிடுகிற மாதிரி. விடு அவளை. சின்னப்புள்ள அது, விடு.

எதிர் நாற்காலி கொஞ்சம் இழுத்துப்போட்ட மாதிரி நின்றது. தாரணியின் அம்மா உட்காருகிற இடம். யாரும் இழுக்கவில்லை, காலையில் கூட்டியபோது நகர்ந்திருக்கும். அவர் அங்கே பார்க்காமல் சிவப்புப் பொட்டு சைட்டின் பெட்டியை எடுத்தார். பெட்டியின் மூலையில் இன்னும் டேப்பு. கல்யாண நாளுக்கு வாங்கிக்கொடுத்தது, கடைக்காரனின் கழுத்தில் கால் வைத்து விலை குறைத்துக் கொண்டுவந்தது. பிரித்துப் பார்த்தாள், பிஸ்டலின் மேல் வைத்துச் சுவரைப் பார்த்து ஒரே ஒரு தரம் நீட்டினாள். உடனே கழற்றிவிட்டாள். எனக்கு இது வேண்டாங்க. ஏன், என்ன கொறை? அந்தப் பொட்டு குதிக்குதுங்க, பாத்தா மனசும் சேந்து குதிக்குது, பழைய சைட்டே போதும். மறுபடி டேப்பு ஒட்டி பீரோவுக்குள் வைத்துவிட்டாள். அருமை தெரியாத கழுதை என்று அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். அவளும் சாப்பிடவில்லை. பொட்டு குதிக்கும், வாஸ்தவம்தான், அது கையை அப்படியே காட்டிக்கொடுக்கும் என்று அந்தோணிகூடச் சொன்னான், பின்னாடிப் பள்ளமும் முன்னாடிக் கட்டையும் வெச்சுப் பாக்கறப்ப நம்ம ஆட்டம் நமக்கே பாதிதாங்க தெரியும், இதுல ஒளிக்க முடியாது. அதற்காகத்தான் இன்றைக்கு இதை வெளியே எடுத்தார். பழையதைக் கழற்றி இதைப் போட்டு, தாரணி, சுவரைப் பார்த்து நீட்டு, பொட்டு எப்படி நிக்குதுன்னு சொல்லு என்று கேட்கப் போகிறார். நிக்குதுங்கப்பா என்றால் நாளைக்கு நிம்மதியாகப் போகலாம். குதிக்குதுங்கப்பா என்றால். என்றால்.

பழையதைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு முறை உண்டு. சைட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, திருகைக் கிளிக் கிளிக்காக எண்ணிக்கொண்டே வலது பக்கம் கடைசி வரை ஓட்ட வேண்டும், முட்டினதும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் திரும்பப் போடும்போது அதே இடத்துக்கு வரும். சின்ன ஸ்க்ரூடிரைவரை மழுங்கின தலையில் வைத்து வலது பக்கம் திருகினார். வரவில்லை. வழுக்குகிறதோ என்று அழுத்தித் திருகினார். அசையவில்லை. துருவா? எண்ணெய் விட்டார். இல்லை, துரு இல்லை. இடது பக்கம் லேசாகத் தொட்டால் கிளிக் என்று வழுக்கிக்கொண்டு வருகிறது. மறுபடி வலது, டக், சுவர். ஓட்டுவதற்கு இடமே இல்லை. சைட்டு ஏற்கனவே வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், ஆமாம், பள்ளம் நடுவில் இல்லை, ஒரு மயிரிழை தள்ளி, மெஷின்காரன் கண்ணுக்கு அது ஒரு முழம். போனை எடுத்தார்.

“யோவ் அந்தோணி, எந்த நாதாரியா என் பிஸ்டல் சைட்டத் திருகுனது?”

“மொதலாளி, வணக்கங்க. சாப்பிட்டீங்களா?”

“சாப்பாடு கெடக்குது. சைட்டு வலது பக்கம் முட்டிட்டு நிக்குது. உன் கடையிலதானய்யா ஏழு மாசம் கெடந்துச்சு.”

“அட, எங்க ஆளுக யாரும் சைட்டத் தொட மாட்டோங்க. நீங்க கொண்டாந்து குடுத்தப்பவே அந்த ஓரத்துலதான் நின்னுச்சு. நானே பாத்தேன். என்னடா இப்படி நிக்குதேன்னு நடுவுல வெக்கலாமான்னு ஸ்க்ரூடிரைவரக்கூட எடுத்துட்டேன். அப்புறம் அம்மா வெச்ச சைட்டாச்சேன்னு மனசு வரலீங்க, அப்படியே எண்ணெய் போட்டு மூடிட்டேன்.” அந்தோணி கொஞ்சம் நிறுத்தினான். “ஏனுங்க, பாப்பா அதுலயா சுடுது? வலது பக்கம் போகுமேங்க எல்லாம்.”

அவர் போனை வைத்தது அவருக்கு நினைவில்லை. பின் சைட்டு எந்தப் பக்கம் போகிறதோ குண்டும் அந்தப் பக்கம் போகும், இதைக் கிளப்பில் முதல் நாள் வந்தவனுக்குச் சொல்வார்கள். வலது ஓரத்தில் நிற்கிற சைட்டில் நேரான கை சுட்டால் வலது ஓரத்தில் விழும். எல்லாம், கொத்தாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. நடுங்குகிற கை கொத்தாக விழ வைக்காது. சிதறடிக்கும். கொத்தாக விழுந்திருக்கிறது, கொத்தாக, மடையா, மூன்று வாரமாகக் கையில் வைத்துப் பார்த்தாயே. மகளுடைய கை நேராக இருக்கிறது. கோணல் பிஸ்டலில் இருக்கிறது. சென்னியப்பன் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், எழுந்து கத்த வேண்டும் போல, கீழே இறங்கித் தெருவில் போகிற எவனையாவது நிறுத்தி டீ வாங்கிக்கொடுக்க வேண்டும் போல. கண்ணில் தண்ணீர் கொட்டியது, கொட்டட்டும். டம்ளர் எல்லார் கையிலும்தான் நழுவும். சோப்புக் கை. அவள் கை நேராக இருக்கிறது. அந்தச் சந்தோஷம் நெஞ்சு வரைக்கும் ஏறி வந்து, அங்கே எதிலோ தட்டி நின்றது. வலது ஓரம் வரைக்கும் இதை எதற்காகத் தள்ளினார்கள்? தள்ளினால் குண்டு வலது பக்கம் போகும். போகட்டும் என்று ஒருத்தர் தள்ளினால், தள்ளாதபோது அவருக்குக் குண்டு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது?

“இந்தாங்க, தளும்பத் தளும்ப.” தாரணி இரண்டு டம்ளரையும் மேசை ஓரத்தில் வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. “சிந்தலை, பாத்துக்கங்க. என்னுங்கப்பா, அழுவறீங்க?”

“எண்ணெய். கண்ணுல பட்டுருச்சு.”

“தேச்சுராதீங்க.” ஈரத்தலை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அவள் கொண்டையிலிருந்த ஊசியை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் முடியைச் சுருட்டினாள். வளைந்த கருப்புக் கம்பி, இரண்டு கால், நுனி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

கிளப்பு. பெஞ்சு. வேர்க்கடலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மனைவியின் முதுகு. ஐந்து குண்டு சுடுவாள், பிஸ்டலை மேசைமேல் கிடத்துவாள், கை பின்னால் கொண்டைக்குப் போகும், ஊசியை உருவுவாள், முடி அவிழ்ந்து விழும். முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நிற்பாள், சித்த நேரம். பிறகு முடியைச் சுருட்டி ஊசியைச் செருகுவாள். அடுத்த ஐந்து. ஒவ்வொரு ஐந்துக்கும் நடுவில் கொண்டை. இவர் பக்கத்திலிருந்தவனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார், சுட வந்தாளா தலை வார வந்தாளான்னு தெரியலை பாரு. அவன் சிரித்தான். இவரும் சிரித்தார். நிற்காத கொண்டையா அது? கல்யாணத்தன்றைக்குப் போட்டால் மறுநாள் வரை நிற்கிற முடி. அந்தக் குனிந்த முதுகுக்கு அந்தப் பக்கம் ஊசி நுனியால் ஒவ்வொரு கிளிக்காக, கை இடது பக்கமே இழுக்க இழுக்க சைட்டை வலது பக்கம், கை இன்னும் போனால் சைட்டு இன்னும், வாரம் வாரம், மாசம் மாசம், நடுக்கருப்பு மட்டும் நடுக்கருப்பாகவே இருக்க. கடைசி வாரம் சைட்டு சுவரில் முட்டிவிட்டது. அடுத்த வாரம் அவள் பொத்தானைத் தேடிக்கொண்டு நின்றாள். எதிர்ச் சுவரில் ஃப்ரேமுக்குள் ஒற்றை ஓட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய சாட்சி. அதைத்தான் டாக்டர் மூஞ்சியில் எறிந்தார். கார்டு பொய் சொல்லாது. சொன்னது. அவள் சொல்ல வைத்தாள்.

எனக்குத் தெரியும்னு நெனச்சியா? தெரியக் கூடாதுன்னு நெனச்சியா? டம்ளர் விழுந்தன்னிக்கு நான் என்ன சொன்னேன், கையில எலும்பு இருக்குதா இல்ல வாழத்தண்டான்னு கேட்டேன், நீ சிரிச்சே, வழுக்கிருச்சுங்கன்னே. மறுபடி விழுந்தன்னிக்குக் கரண்டியத் தூக்கிச் செவுத்துல அடிச்சேன். அன்னிக்காவது திருப்பிக் கத்தியிருக்கக் கூடாதா, யோவ், கை வர மாட்டேங்குதுய்யா, கூட்டிட்டுப் போய்யான்னு. உன் மக கத்துறா பாரு. கிரேன்னு சொன்னனா, சொன்னேன், வர்றவன் போறவங்கிட்டயெல்லாம் சொன்னேன், அதுக்காக? ஒரு முட்டாப்பய வாய்க்கு வந்ததச் சொன்னா அதைக் காப்பாத்தறதுக்கு இப்படி ஒரு வேலையா? எத்தனை மெஷினோட திருகுத் தலையப் பாத்திருப்பேன், உன் கைக்குப் பக்கத்துல வாரா வாரம் உக்காந்து கடலை தின்னுட்டு இருந்தேனே. நீ எல்லாத்தையும் ஓரமா தள்ளி ஓரமா தள்ளி, போறப்ப அந்தக் கோணலை இதுக்குள்ளயே வெச்சுட்டுப் போயிட்டே. உன் மக கை நேரா இருக்குதுடீ. அதை வளைச்சுக் காட்டிருச்சு உன் சைட்டு. இத்தனை நாளா நான் செத்துப் பொழைச்சேன்.

“அப்பா.” தாரணி முடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள், ஊசி இன்னும் பல்லில். “யாருகிட்டப் பேசறீங்க?”

“அந்த ஊசியக் குடு.”

“எதுக்குங்க?”

“குடு சாமி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக வேண்டாம். குடு.”

அவள் ஒன்றும் புரியாமல் ஊசியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஈரமாக, பல் பட்ட சூட்டோடு. சென்னியப்பன் அதன் இரண்டு நுனியையும் சேர்த்து மழுங்கின தலையின் மேல் வைத்தார். சாவி மாதிரிப் போய் உட்கார்ந்தது. இடது பக்கம் திருகினால் போதும், கிளிக் கிளிக்காக நடுவுக்கு வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை மகள் நடுக்கருப்பில் சுடுவாள். கை திருகவில்லை. வந்துவிடும், அவ்வளவுதான், அதற்கப்புறம் மனைவியின் கை எப்படிப் போய்க்கொண்டிருந்தது என்று இந்த உலகத்தில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. ஒளித்ததும் போய்விடும், ஒளித்தவளும். திருகாவிட்டால் மகளுக்கு எல்லாம் வலது பக்கம். ஊசியை எடுத்தார். மேசைக்குக் குறுக்கே, டீ ஆவிக்கு மேலாக, கொஞ்சம் இழுத்துப்போட்ட மாதிரி நின்ற அந்த நாற்காலியின் பக்கம் கையை நீட்டினார். அவருடைய கைதான் ஆடிக்கொண்டிருந்தது.

இந்தா, புடி. நீ திருகுனது, எனக்குத் தெரியாம முதுகக் காட்டிட்டுத் திருகுனது, நான் தொட மாட்டேன். இப்ப மூஞ்சியப் பாத்து உக்காரு. உன் மகளும் நிக்கறா, அவளும் பாக்கட்டும். கத்த மாட்டேன். சத்தியமா கத்த மாட்டேன். வந்து திருப்பு. ஒவ்வொரு கிளிக்கா, எப்ப எப்பத் தள்ளுனியோ அதையெல்லாம் சொல்லிச் சொல்லித் திருப்பு. நடுவுல வந்து நிக்கற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. வா. வந்து நேராக்கிட்டுப் போ.